ஐ.சி.டி. பேட்டரி தீர்ந்தால் மாற்றியே ஆக வேண்டுமா?

"பேட்டரி முடியப்போகுதுங்க, மாத்திடலாம்." இதயம் தாறுமாறாகத் துடித்தால் ஷாக் கொடுத்துக் காக்கும் ஐ.சி.டி. கருவியை நெஞ்சில் வைத்திருப்பவரிடம் வழக்கமான பரிசோதனையின் முடிவில் இப்படித்தான் சொல்லப்படுகிறது. அவரும் தலையாட்டுகிறார். அறுவைக்கு நாள் குறிக்கிறார்கள், வீட்டில் பணத்துக்கு ஏற்பாடு நடக்கிறது. முதன்முதலில் அந்தக் கருவியை வைப்பதற்கு முன் எவ்வளவு பேச்சு நடந்திருக்கும்! இதயம் எந்த அளவுக்குப் பலவீனமாக இருக்கிறது, திடீர் மரணத்துக்கான ஆபத்து எவ்வளவு, வைக்காவிட்டால் என்ன ஆகும் என்றெல்லாம் விளக்கித்தான் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். இரண்டாம் முறை அந்தக் கேள்விகள் பெரும்பாலும் எழுவதே இல்லை. ஏற்கெனவே இருந்தது, ஆகவே இனியும் இருக்கட்டும் என்பதே போதிய காரணமாகிவிடுகிறது.

இந்தப் பழக்கத்தைக் கேள்விக்கு உட்படுத்தி 2012-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு சிறு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் டேனியல் கிரேமர், ஆல்ஃபிரட் பக்ஸ்டன், பீட்டர் ஜிமெட்பாம் என்ற மூன்று அமெரிக்க இதய மருத்துவர்கள். மாற்று அறுவையை முந்தைய முடிவின் தொடர்ச்சியாகப் பார்க்கக் கூடாது, நோயாளியின் இன்றைய நிலையை வைத்துப் புதிதாக எடுக்க வேண்டிய முடிவு அது என்பது அவர்கள் வாதத்தின் சாரம். கேட்டவுடன் நியாயமாகத் தோன்றும் வாதம்தான். ஆனால் உயிர்காக்கும் கருவியை இனி வேண்டாம் என்று சொல்லும் இடம்வரை நம்மைக் கொண்டுபோகக்கூடியது. ஒரு தவறான "வேண்டாம்" ஓர் உயிரைப் பறித்துவிடும் என்பதால், இரு பக்கச் சான்றுகளையும் கறாராக நிறுத்துப் பார்த்தாக வேண்டும்.

முதலில் செய்முறை பற்றி ஒரு தெளிவு. இந்தக் கருவிகளில் பேட்டரியை மட்டும் தனியே கழற்றி மாட்ட முடியாது. டைட்டானியம் உறைக்குள் பேட்டரியையும் மின்சுற்றையும் ஒன்றாக வைத்து ஈரம் புகாதபடி மூடியிருப்பார்கள். பேட்டரி தீர்ந்தால் காறை எலும்புக்குக் கீழே தோலைத் திறந்து, பழைய பெட்டியை முழுதாக எடுத்து, இதயத்துக்குள் செல்லும் லீட் கம்பிகளைக் கழற்றிச் சோதித்து, புதிய பெட்டியில் பொருத்தித் தைக்க வேண்டும். பேட்டரி சாதாரணமாகச் சட்டென்று நின்றுவிடாது. மின்னழுத்தம் ஒரு வரம்புக்குக் கீழே இறங்கியதும், மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று கருவியே குறி காட்டும். சில கருவிகள் ஒலி எழுப்பும், சில நெஞ்சில் அதிரும். அதன் பிறகும் சுமார் 3 மாதம் ஓடும்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

பேஸ்மேக்கரைப் பொறுத்தவரை இந்த விவாதத்துக்குப் பெரும்பாலும் இடமில்லை. தானாகத் துடிக்க முடியாத இதயத்துக்குத் துடிப்பைத் தருவது அது. அதையே முழுதாக நம்பியிருப்பவருக்கு மாற்றுவதா வேண்டாமா என்ற கேள்வியே கிடையாது. 1958 அக்டோபர் 8-ஆம் தேதி, ஸ்டாக்ஹோம் அருகே கரோலின்ஸ்கா மருத்துவமனையில், பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட் உருவாக்கிய கருவியை அறுவை மருத்துவர் ஓக்கே சென்னிங், ஆர்னே லார்சன் என்பவரின் உடலுக்குள் வைத்தார். முழுதாக உடலுக்குள் பதிக்கப்பட்ட முதல் பேஸ்மேக்கர் அதுதான். வெளியிலிருந்து சார்ஜ் ஏற்றும் பேட்டரி கொண்ட அந்தக் கருவி சில மணி நேரத்திலேயே நின்றுபோனது. லார்சனுக்கு அதன் பிறகு வாழ்நாளில் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகள் மாற்றப்பட்டன. 2001-இல், தம் 86-ஆம் வயதில், புற்றுநோயால் அவர் இறந்தார். கருவியைச் செய்தவரும் பொருத்தியவரும் அவருக்கு முன்பே காலமாகிவிட்டிருந்தார்கள். மாற்று அறுவைகள் ஒரு மனிதருக்கு 43 ஆண்டுகளைக் கொடுத்திருக்கின்றன. பேஸ்மேக்கரைச் சார்ந்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையைக் காரணம் காட்டி ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

ஐ.சி.டி.யின் வேலை வேறு. இதயத்தின் கீழறைகள் தாறுமாறாகத் துடிதுடித்து, ரத்தம் வெளியேறாமல், ஆள் சரிந்து விழும் அந்தச் சில நொடிகளுக்காகவே அது உள்ளே காத்திருக்கிறது. அப்போது ஷாக் கொடுத்து இதயத்தைத் தன் தாளத்துக்குக் கொண்டுவரும். மிச்செல் மிரோவ்ஸ்கி என்ற மருத்துவருக்கு இந்த எண்ணம் தோன்றியதே, தம் மதிப்புக்குரிய மூத்த மருத்துவர் ஹாரி ஹெல்லர் இத்தகைய துடிப்புக் கோளாறால் இறந்த துயரத்தில்தான். 1980 பிப்ரவரியில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல் கருவி ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அன்று அதற்குத் தகுதி பெற, இதயம் நின்று உயிர்பிழைத்த அனுபவம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை நேர்ந்திருக்க வேண்டும். அந்த ஆபத்து கண்கூடானது, கருவியின் தேவையும் அப்படியே.

பிறகு வட்டம் விரிந்தது. 2002-இல் வெளியான மேடிட்-2 ஆய்வு, முன்பு மாரடைப்பு வந்து இதயம் பலவீனப்பட்ட 1,232 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தது. சராசரியாக 20 மாதத்தில் கருவி இல்லாதவர்களில் 19.8 சதவீதத்தினரும், கருவி வைத்தவர்களில் 14.2 சதவீதத்தினரும் இறந்திருந்தார்கள். 2005-இல் வந்த ஸ்கட்-ஹெஃப்ட் ஆய்வு 2,521 பேரிடம் நடந்தது. மாரடைப்பால் பலவீனப்பட்ட இதயம், வேறு காரணத்தால் பலவீனப்பட்ட இதயம் இரண்டையும் அது சேர்த்துப் பார்த்தது. கருவி வைத்தவர்களுக்கு மரண ஆபத்து 23 சதவீதம் குறைந்தது. இந்த ஆய்வுகள் தகுதியை முதன்மையாக ஓர் எண்ணைக் கொண்டு அளந்தன. இடது கீழறையில் நிறைந்த ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளப்படுகிறது என்பதே அந்த எண். எக்கோ அறிக்கையில் இ.எஃப். என்று இருக்கும். அது 35 அல்லது அதற்கும் கீழே இருந்தால், இதுவரை எந்த ஆபத்தான துடிப்பும் வராதவருக்கும் முன்னெச்சரிக்கையாகக் கருவி வைக்கலாம் என்ற நெறிமுறை இப்படித்தான் பிறந்தது.

நம் கேள்வி இந்த முன்னெச்சரிக்கைக் கூட்டத்தைப் பற்றியது. ஒருமுறை இதயம் நின்று பிழைத்தவருக்கும், கருவி உண்மையான ஆபத்தில் ஷாக் கொடுத்துக் காப்பாற்றிய அனுபவம் உள்ளவருக்கும் மாற்றுவது பற்றிப் பெரிதாகத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் கருவி வைத்து, பேட்டரி முழுதும் தீரும்வரை ஒருமுறைகூட அது வேலை செய்ய நேராதவர் என்ன செய்வது? மேலே சொன்ன ஆய்வுகள் முதன்முறை வைப்பதா வேண்டாமா என்றுதான் கேட்டன. பேட்டரி தீர்ந்த கட்டத்தில் ஒரு பாதிக்கு மாற்றி, மறுபாதிக்கு மாற்றாமல் விட்டு அவை பார்க்கவில்லை. முதல் கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டாம் கேள்விக்கும் எடுத்து வைத்துக்கொள்கிறோம். மூவரின் வாதம் கைவைத்த இடம் இது. அந்த அளவில் அவர்கள் சொல்வது மறுக்க முடியாதது.

அவர்கள் பக்கத்துக்கு வலுச் சேர்க்கும் சான்று 2014-இல் வந்தது. முன்னெச்சரிக்கையாக ஐ.சி.டி. வைத்து மாற்று அறுவைக்கு வந்த 231 பேரின் நிலையை ஓர் ஆய்வு மறுபடி அளந்தது. அவர்களில் 26 சதவீதத்தினருக்கு, அன்று புதிதாக வந்திருந்தால் கருவி வைக்கும் தகுதியே இருந்திருக்காது. மருந்தாலும் சிகிச்சையாலும் இதயம் தேறியிருந்தது. இப்படித் தகுதி கடந்தவர்களுக்கு, கருவி நியாயமான காரணத்துக்காகச் செயல்பட்ட விகிதம் ஆண்டுக்கு 2.8 சதவீதம். தகுதி நீடித்தவர்களுக்கு அது 10.7 சதவீதம். இரண்டு வேறு கூட்டங்கள் என்பதை இந்த இடைவெளி காட்டுகிறது.

மாற்றுவதன் விலை என்ன? அமெரிக்காவில் 72 மையங்களில் நடந்த ரீப்ளேஸ் என்ற பதிவாய்வின் முடிவு 2010-இல் வந்தது. பெட்டியை மட்டும் மாற்றிய 1,031 பேரில் 4 சதவீதத்தினருக்கு ஆறு மாதத்துக்குள் பெரிய சிக்கல் நேர்ந்தது. புதிய லீட் ஒன்றையும் சேர்த்துப் போட்ட 713 பேரில் அது 15.3 சதவீதமாக ஏறியது. தொற்றுதான் இதில் பெரிய அச்சம். டென்மார்க்கில் 46,299 பேஸ்மேக்கர் நோயாளிகளைக் கால் நூற்றாண்டு தொடர்ந்து பார்த்த பதிவேட்டில், முதன்முறை வைத்த பிறகு 1,000 ஆண்டு-பயன்பாட்டுக்கு 4.82 தொற்று, மாற்றிய பிறகு 12.12 தொற்று. இரண்டு மடங்குக்கும் மேல். பழைய இடத்தில் கருவியைச் சுற்றித் தழும்புத் திசு உறையாகக் கட்டியிருக்கும். அதில் ரத்த ஓட்டம் குறைவு. ஆகவே கிருமி புகுந்தால் உடலின் எதிர்ப்பும் மருந்தும் அங்கே எளிதில் போய்ச் சேராது. தொற்று வந்துவிட்டால் பெட்டியோடு விஷயம் முடியாது. ஆண்டுக்கணக்கில் ரத்தநாளச் சுவரோடும் இதயத்தோடும் ஒட்டிப்போன லீட்களையும் பிடுங்கி எடுக்க வேண்டும். அனுபவமுள்ள கைகளிலும் ஆபத்தான வேலை அது.

குறையுள்ளதாக அறிவிக்கப்பட்ட கருவிகளை அவசரப்பட்டு மாற்றியவர்களைப் பற்றி 2006-இல் வெளியான கனடிய ஆய்வையும் இங்கே சேர்க்க வேண்டும். மாற்றிக்கொண்ட 533 பேரில் 8.1 சதவீதத்தினருக்குச் சிக்கல் வந்தது, இருவர் இறந்தார்கள். அறிவிப்புக்குள்ளான கருவிகளிலோ, உண்மையில் பழுதானவை மிகச் சிலவே. பயம் காரணமாகச் செய்த அறுவை, பயந்த பொருளைவிடக் கூடுதல் தீங்கைச் செய்திருக்கிறது.

இவ்வளவையும் அடுக்கிய பிறகு, தேறிய இதயத்துக்கு மாற்றவே வேண்டாம் என்று சொல்லத் தோன்றும். ஆண்டுக்கு 2.8 சதவீதப் பயனுக்காக 4 சதவீதச் சிக்கலை ஏன் ஏற்க வேண்டும்? மேடைகளில் சொல்ல வசதியான கணக்கு, ஆனால் பிழையான கணக்கு. சிக்கல் என்பது பெரும்பாலும் அறுவையை ஒட்டி ஒருமுறை வருவது. பயன் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போவது. எட்டு, பத்து ஆண்டு ஓடும் கருவிக்கு அந்த 2.8-ஐ ஆண்டுகளால் கூட்டிப் பார்க்க வேண்டும். அடுத்து, சிக்கல்களில் பெரும்பாலானவை துன்பம் தருபவை, உயிரைப் பறிப்பவை அல்ல. மறுபக்கம், கருவி தலையிட்ட ஒவ்வொரு முறையும் ஓர் உயிர் காப்பாற்றப்பட்டதாகவும் எடுத்துக்கொள்ள முடியாது. தானாகவே அடங்கியிருக்கக்கூடிய துடிப்புக் கோளாறுகளையும் கருவி முந்திக்கொண்டு அடக்கிவிடுகிறது. வெவ்வேறு அலகுகளை ஒரே தட்டில் வைத்தால் தராசு எந்தப் பக்கமும் சாயும்.

எதிர்ப்பக்கத்தின் வலுவான சான்று ஸ்கட்-ஹெஃப்ட் தரவிலிருந்தே வந்தது. 2017-இல் வெளியான மறு ஆய்வு, அந்தச் சோதனையில் இருந்தவர்களில் பின்னர் இ.எஃப். 35-க்கு மேல் ஏறியவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தது. இதயம் தேறியவர்களிலும் தேறாதவர்களிலும் கருவி மரண ஆபத்தைக் குறைத்த விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். தேறிவிட்டது, ஆகவே கருவி பயனற்றது என்று சொல்பவர்களுக்கு இது நேரடி மறுப்பு. கிரேமர் கூட்டணியின் வாதத்தை ஆதரிப்பவர் இந்த முடிவைத் தவிர்த்துவிட்டுப் பேசக் கூடாது.

ஆனால் விகிதம் ஒன்றாக இருப்பதாலேயே பலன் ஒன்றாகிவிடாது. ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்பது பேர் இறக்கும் கூட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு மரணத்தைத் தடுத்தால் மூவர் பிழைக்கிறார்கள். நூற்றுக்கு மூவர் இறக்கும் கூட்டத்தில் அதே விகிதம் ஒருவரைத்தான் காக்கும். சிக்கல்களோ இரு கூட்டத்துக்கும் ஏறக்குறைய சமம். தேறியவர்களின் மரண விகிதம் மிகக் குறைவு என்பதை அதே மறு ஆய்வே காட்டியது. இன்னொன்று, அந்தச் சோதனையில் நோயாளிகள் சேர்க்கப்பட்டது 1997 முதல் 2001 வரை. இதயச் செயலிழப்புக்கு அதன் பிறகு வந்த மருந்துகள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இ.எஃப். மறுபடி அளக்கப்பட்டதும் சேர்ந்து சுமார் ஓராண்டுக்குப் பிறகு. பேட்டரி தீரும் எட்டாம், பத்தாம் ஆண்டில் அல்ல. ஆகவே அந்தச் சான்று வாதத்தைச் சாய்க்கவில்லை. எச்சரிக்கையோடு நடக்க வைக்கிறது.

இங்கே "தேறியது" என்றால் என்ன என்று கேட்டாக வேண்டும். 2019-இல் லான்செட்டில் வந்த ட்ரெட்-எச்எஃப் ஆய்வு, விரிவடைந்த இதயத் தசை நோயிலிருந்து தேறியவர்களில் ஒரு பகுதியினருக்கு மருந்துகளைப் படிப்படியாக நிறுத்திப் பார்த்தது. நிறுத்திய 25 பேரில் 11 பேருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியது. தேறுதல் என்பது பலருக்கு நோய் அடங்கியிருக்கும் நிலை, நோய் போய்விட்ட நிலை அல்ல. மாத்திரையை விடாமல் எடுப்பவரின் 50 சதவீத இ.எஃப்.பும், எடுக்காமல் விட்டுவிடும் பழக்கமுள்ளவரின் 50 சதவீத இ.எஃப்.பும் ஒன்றல்ல. எக்கோ அறிக்கையை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் மருத்துவர் இந்த வேறுபாட்டைத் தவறவிடுவார். நோயாளி மருந்தை எப்படிச் சாப்பிடுகிறார் என்று கேட்டறிவதும் இந்த முடிவின் பகுதி.

இதயம் ஏன் பலவீனப்பட்டது என்பதும் முடிவை மாற்றும். மாரடைப்பில் செத்த தசை தழும்பாகிறது. மீதித் தசை நன்றாக வேலை செய்து எண் கூடினாலும் தழும்பு அங்கேயேதான் இருக்கும். ஆபத்தான மின்சுழல்கள் உருவாவது அந்தத் தழும்பின் ஓரங்களில்தான். மேடிட்-2 நோயாளிகளை 8 ஆண்டு பின்தொடர்ந்து பார்த்தபோதும் கருவியின் பயன் நீடித்திருந்தது. ஆகவே மாரடைப்பு வந்தவர் விஷயத்தில் எண் கொஞ்சம் உயர்ந்ததை வைத்து நிம்மதி கொள்ளக் கூடாது. மாரடைப்பு அல்லாத காரணங்களால் பலவீனப்பட்டவர்களின் கதை வேறு. 2016-இல் வந்த டேனிஷ் ஆய்வில், நவீன மருந்துச் சிகிச்சை பெற்ற இத்தகைய 1,116 பேரில், கருவி வைத்தவர்களில் 21.6 சதவீதத்தினர் இறந்தார்கள், வைக்காதவர்களில் 23.4 சதவீதத்தினர் இறந்தார்கள். புள்ளியியல்படி வேறுபாடு இல்லை. வயதால் பிரித்துப் பார்த்த பின்னாய்வில் 70 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பயன் தெரிந்தது, அதற்கு மேற்பட்டவர்களுக்குத் தெரியவில்லை. திடீர் இதய மரணத்தைக் கருவி தடுக்கிறது. ஆனால் வயது ஏற ஏற, மனிதர் வேறு வழியில் இறப்பதற்கான வாய்ப்பே கூடிக்கொண்டு போகிறது.

முதற்கருவியை 62 வயதில் வைத்தவருக்கு இரண்டாம் கருவிக்கான கேள்வி 70-ஐத் தாண்டிய பின்தான் வருகிறது. இடையில் சிறுநீரகம் பழுதாகியிருக்கலாம், நினைவு மங்கியிருக்கலாம், புற்றுநோய் வந்திருக்கலாம். கருவி மாற்றத்தை வெறும் பராமரிப்பாக நினைத்தால் இவை எதுவும் கணக்கில் வராது.

இரு கீழறைகளையும் ஒருங்கே துடிக்கச் செய்யும் சி.ஆர்.டி. வகைக் கருவிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இதில்தான் அவசர முடிவு பெரிய தீங்கு செய்யும். அவர்கள் இதயம் தேறியதே பல நேரம் அந்தக் கருவியால்தான். "எண் நல்லா இருக்கு, இனி வேண்டாம்" என்று எடுத்துவிட்டால் தேறியது மறுபடி சரியும். இவர்களுக்கு ஒருங்கிணைத்துத் துடிக்கவைக்கும் வேலை தொடர்ந்தே ஆக வேண்டும். ஷாக் கொடுக்கும் பகுதி தேவையா என்பது மட்டுமே கேள்வி. தேவையில்லையென்றால் ஷாக் வசதி இல்லாத, சிறிய, பேட்டரி நீடித்து உழைக்கும் கருவிக்கு மாறலாம். ஆனால் ஏற்கெனவே உள்ளே இருக்கும் சில வகை ஷாக் லீட்களின் முனை, சாதாரண பேஸ்மேக்கர் பெட்டியில் பொருந்தாது. முதல் அறுவையில் தேர்ந்தெடுத்த கம்பி பத்தாண்டு கழித்து வழியை அடைக்கிறது. இந்த உண்மை நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லப்படுவதில்லை என்பது என் கடுமையான குறை.

மாற்றுவது என்று முடிவானால், எப்படி மாற்றுகிறார்கள் என்பதைப் பொறுத்து ஆபத்து பெரிதும் குறையும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு, அதை நிறுத்திவிட்டு ஹெப்பாரின் ஊசி போடுவது நெடுநாள் வழக்கம். 2013-இல் வந்த ப்ரூஸ் கன்ட்ரோல் ஆய்வு அதைத் தலைகீழாக்கியது. ஹெப்பாரினுக்கு மாறியவர்களில் 16 சதவீதத்தினருக்குப் பெரிய ரத்தக்கட்டு ஏற்பட்டது. வார்ஃபரினைத் தொடர்ந்தவர்களில் 3.5 சதவீதத்தினருக்குத்தான். ரத்தக்கட்டு தொற்றுக்கு வாசல் திறப்பதால் இது சிறிய விஷயமல்ல. 2019-இல் 6,983 பேரிடம் நடந்த ராப்-இட் ஆய்வில், கிருமிக்கொல்லி மருந்து தோய்ந்த வலையுறையில் கருவியை வைத்தபோது பெரிய தொற்று 1.2-இலிருந்து 0.7 சதவீதமாகக் குறைந்தது. புதிய கருவியின் அமைப்பும் முக்கியம். 2012-இன் மேடிட்-ரிட் ஆய்வு, வேகமான துடிப்புக்கு மட்டும் அல்லது சற்றுக் காத்திருந்து செயல்படும்படி கருவியை அமைத்தால் தேவையற்ற ஷாக்குகள் வெகுவாகக் குறைவதையும், மரணமும் குறைவதையும் காட்டியது. பழைய கருவியில் பொறுமையாகச் சரிசெய்த அமைப்புகள் புதியதில் தாமாக வந்துவிடாது. கேட்டு உறுதிசெய்ய வேண்டும்.

மாற்றாமல் விடுவது என்று முடிவானாலும் அதற்கும் செய்முறை உண்டு. பேட்டரி தன் போக்கில் சாகட்டும் என்று விட்டுவிடுவது பொறுப்பற்ற செயல். ஷாக் வசதியை முறைப்படி அணைத்து, எச்சரிக்கை ஒலியையும் நிறுத்தி, முடிவை எழுத்தில் பதிந்து, குடும்பத்துக்கும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நள்ளிரவில் நெஞ்சிலிருந்து எழும் ஒலி வீட்டையே கலங்கடிக்கும். இறுதி நாட்களில் அணைக்கப்படாத கருவி இன்னும் கொடியது. இறந்த 100 ஐ.சி.டி. நோயாளிகளின் உறவினர்களிடம் கேட்டு 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கருவியை அணைப்பது பற்றி மருத்துவர்கள் பேசியது 27 பேர் விஷயத்தில் மட்டுமே. எட்டுப் பேருக்கு உயிர் பிரியும் நிமிடங்களில்கூட ஷாக் விழுந்திருந்தது. அணைக்கச் சொல்லும் உரிமை நோயாளிக்கு உண்டு, அது தற்கொலையோ கருணைக்கொலையோ ஆகாது என்று ஹார்ட் ரிதம் சொசைட்டி 2010-இல் தெளிவாக்கியது. எரியூட்டும் வழக்கமுள்ள நம் குடும்பங்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: லித்தியம் பேட்டரி தீயில் வெடிக்கும். கருவி ஓடினாலும் தீர்ந்திருந்தாலும் எரியூட்டும் முன் அதை எடுத்துவிட வேண்டும்.

பேட்டரி ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர வேண்டும் என்ற கேள்வியை மூவர் கட்டுரை முன்னிறுத்தவில்லை. அது அதன் குறை என்றே நினைக்கிறேன். நோயாளிகளின் ஆயுள் நீள, கருவியின் ஆயுள் அதற்கு ஈடுகொடுக்கவில்லை என்று ராபர்ட் ஹவுசர் 2005-இலேயே எழுதினார். 2016-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஜான் டீன், நீல் சல்க் இருவரும் இன்னும் கடுமையாக, அடிக்கடி மாற்றும் நிலைமை தயாரிப்பாளருக்கு வருமானம் தருவதால் நீண்டநாள் பேட்டரிக்கு ஊக்கமில்லை என்று குற்றம் சாட்டினார்கள். தீராத பேட்டரிதான் மிகப் பாதுகாப்பான மாற்று அறுவை. மருத்துவர் கையிலும் கொஞ்சம் இருக்கிறது: துடிப்பூட்டும் மின்னழுத்தத்தை இரட்டித்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் செலவாகும் ஆற்றல் நான்கு மடங்காகும். தேவைக்கு மேல் வைக்கப்பட்ட மின்னழுத்தத்தைக் குறைத்தால் அடுத்த அறுவை தள்ளிப்போகும்.

பேட்டரி எச்சரிக்கையை நம்பிக் கடைசி நாள்வரை காத்திருப்பதும் சரியல்ல. 2016 அக்டோபரில் செயின்ட் ஜூட் நிறுவனத்தின் சில ஐ.சி.டி., சி.ஆர்.டி. கருவிகளில், பேட்டரிக்குள் லித்தியம் படிவுகள் சேர்ந்து ஒரே நாளில்கூட மின்சாரம் தீர்ந்துவிடக்கூடும் என்று அறிவிக்கப்பட்டது. உலகெங்கும் சுமார் 4 லட்சம் கருவிகள் அந்த வரிசையில் இருந்தன. மூன்று மாத அவகாசம் எல்லாக் கருவிக்கும் உத்தரவாதமல்ல.

தீர்ப்புக்கு வருகிறேன். மாற்று அறுவை புதிய முடிவாக எடுக்கப்பட வேண்டும் என்ற வாதம் முழுமையாக ஏற்கத்தக்கது. அதிலிருந்து "பலருக்குத் தேவையில்லை" என்று பொதுவாகச் சொல்வதை இன்றைய சான்றுகள் தாங்காது. முழுதாக பேஸ்மேக்கரை நம்பியிருப்பவர், ஒருமுறை இதயம் நின்று பிழைத்தவர், உண்மையான ஷாக் பெற்றவர், மாரடைப்புத் தழும்போடு இ.எஃப். இன்னும் 35-க்குக் கீழே இருப்பவர் ஆகியோர், வேறு நோயால் ஆயுள் சுருங்கிவிடவில்லையென்றால், மாற்றிக்கொள்ள வேண்டும். 70-ஐக் கடந்து, மாரடைப்பு அல்லாத காரணத்தால் பலவீனப்பட்டுத் தேறி, மருந்தை ஒழுங்காக எடுத்து, பேட்டரி தீரும்வரை ஒரு ஷாக்கும் தேவைப்படாமல் வாழ்ந்தவருக்கு "மாற்ற வேண்டாம்" என்பதும் மருத்துவரீதியாக நேர்மையான தெரிவு. அதை அவர் முன் வைக்காமல் கையெழுத்து வாங்குவது தவறு. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்குப் பொதுவிதி ஒன்றும் சொல்ல முடியாது. அன்றைய எக்கோ, இதயத் தசையின் நோய்க் காரணம், வயது, மற்ற நோய்கள், அவர் எதற்கு அஞ்சுகிறார் என்பது ஆகியவற்றை வைத்துப் பேசி முடிவெடுக்க வேண்டும்.

அந்தப் பேச்சுக்கு மூன்று மாதம் போதாது, அதுவும் பல லட்சம் செலவுள்ள முடிவுக்கு. உங்களுக்கோ உங்கள் வீட்டிலுள்ளவருக்கோ ஐ.சி.டி. இருந்தால், பேட்டரி ஆயுள் ஓராண்டுக்குக் குறைவாகக் காட்டத் தொடங்கும்போதே புதிய எக்கோ ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். இத்தனை ஆண்டில் கருவி எத்தனை முறை தேவையோடு செயல்பட்டது, எத்தனை முறை தேவையின்றிச் செயல்பட்டது என்ற பதிவைக் கேட்டு வாங்குங்கள். மாற்றினால் என்ன, மாற்றாவிட்டால் என்ன என்று இரண்டையும் விளக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். அதன் பிறகு கையெழுத்திடுங்கள்.